தேசிங்கு ராஜாவுக்கு எந்த முகம்? தலைவர்களை எப்படி வரைகிறோம், எப்படி வரையலாம்

செஞ்சிப் பக்கம் யாரைக் கேட்டாலும் ராஜா தேசிங்கு கதை தெரியும். நிஜப் பெயர் தேஜ் சிங். புந்தேலா ராஜபுத்திரர். 1714-ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் பெரிய படையை ஒரு சின்னப் படையோடு எதிர்த்து நின்று, களத்திலேயே உயிரை விட்ட இளைஞர். இவ்வளவும் சொல்லிடுவோம். ஆனா, ‘சரி, அவர் பார்க்க எப்படி இருப்பார்?’னு கேட்டுப் பாருங்க. நம்ம தாத்தா பாட்டி தலைமுறை யோசிக்காம ஒரு முகத்தைச் சொல்லும்: எம்.ஜி.ஆர். 1960-ல் வந்த ‘ராஜா தேசிங்கு’ படத்தில் அவர்தான் தேசிங்கு. அந்த முகம் அப்படியே ஒட்டிக்கிச்சு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அதே எம்.ஜி.ஆர். பின்னாளில் முதலமைச்சர் ஆனார். அவர் முகமும் சட்டப்பேரவைச் சுவரில் ஓவியமாக ஏறியது. ஒரு ராஜாவுக்கு நடிகரின் முகம், அந்த நடிகருக்கே பிறகு அரசாங்கச் சட்டம்! தலைவர்களின் முகம் மக்கள் மனசில் எப்படிப் பதியுது, அதை யார் தீர்மானிக்கிறாங்க என்பது நாம நினைக்கிறதைவிடச் சிக்கலான விஷயம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஒரே நாள், இரண்டு திரைகள்

2018 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. சென்னை, புனித ஜார்ஜ் கோட்டை. தமிழ்நாடு சட்டப்பேரவையில் மறைந்த முதல்வர் ஜெயலலிதாவின் உருவப்படத்தைப் பேரவைத் தலைவர் ப. தனபால் திறந்து வைக்கிறார். அந்த மண்டபத்தில் அது 11-வது படம். ஒரு பெண்ணின் படம் அங்கே ஏறியது அதுதான் முதல் முறை.

அதே நாள், வாஷிங்டன். அமெரிக்காவின் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில் முன்னாள் அதிபர் ஒபாமாவின் படமும் மிஷெல் ஒபாமாவின் படமும் திறக்கப்படுகின்றன.

இரண்டு இடத்திலும் அன்றைக்குச் சண்டைதான். ஆனா சண்டையின் விஷயம் வேற. இங்கே எதிர்க்கட்சிகள் விழாவைப் புறக்கணித்தன. சொத்துக் குவிப்பு வழக்கில் சம்பந்தப்பட்டவர் படத்தைப் பேரவையில் வைக்கலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. அது நியாயமான அரசியல் கேள்வி. ஆனா படத்தை எப்படி வரைஞ்சிருக்காங்க, ஏன் அந்த நிலையில் நிற்க வைச்சாங்க, பின்னணியில் ஏன் அது இருக்கு என்று பெருசா யாரும் பேசவில்லை.

அங்கே பேச்சு முழுக்க ஓவியத்தைப் பற்றியே இருந்தது. கெஹிண்டே வைலி வரைந்த படத்தில் ஒபாமா ஒரு நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் தூண் இல்லை, திரைச்சீலை இல்லை, மேசை இல்லை. முழுக்கப் பச்சை இலைகள். இலைகளுக்கு நடுவே பூக்கள். சிகாகோ நகரத்தின் சாமந்தி, அவர் பிறந்த ஹவாய்க்கு மல்லிகை, அவர் அப்பாவின் கென்யாவுக்கு ஆப்பிரிக்க நீல அல்லி. சில இலைகள் அவர் காலையும் நாற்காலியையும் தாண்டி முன்னால் வருகின்றன. ஒருத்தருடைய வாழ்க்கைக் குறிப்பையே செடியாக வளர்த்துப் பின்னால் நிறுத்திட்டார் ஓவியர்.

மிஷெல் ஒபாமாவை வரைந்தவர் ஏமி ஷெரால்ட். அவர் தோலுக்குப் பழுப்பு நிறமே போடவில்லை; சாம்பல் நிறம் போட்டார். கறுப்பு வெள்ளை போட்டோவில் இருப்பது மாதிரி. ‘இது அவங்க மாதிரியே இல்லையே’ என்று நிறைய பேர் சொன்னார்கள். ஆனா ஷெரால்ட் எல்லாப் படத்திலும் அப்படித்தான் செய்வார். பார்க்கிறவர் முதலில் தோலின் நிறத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கட்டும் என்பது அதில் இருக்கும் யோசனை.

அதிகாரபூர்வப் படம் என்ன வேலை செய்கிறது?

ஒரு தலைவரின் போட்டோ ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, காசு செலவு பண்ணி ஓவியம் எதுக்கு? போட்டோ ஒரு நொடியைப் பிடிக்கும். அதிகாரபூர்வ ஓவியம் ஒரு தீர்ப்பைச் சொல்லும். ‘இந்த ஆளை நாங்க இப்படித்தான் ஞாபகம் வச்சுக்கப் போறோம்’ என்று ஒரு அரசோ சபையோ எழுத்தில் கொடுக்காமல் நிறத்தில் கொடுக்கும் தீர்ப்பு அது.

நம்ம பாஷையில் சொன்னால், மெஷின் டிராயிங்கில் ஒரு பொருளுக்கு எந்த வியூ போடணும்னு முதலில் முடிவு பண்ணுவோம், இல்லையா? எந்தப் பக்கம் காட்டினால் அதிக விவரம் தெரியுமோ அதைத்தான் முன்பக்கமாக எடுப்போம். ஓவியரும் அதையேதான் செய்கிறார். அவர் கையில் இருக்கும் அளவுகோல்கள் இவை:

உடல்நிலை: நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, நடக்கிறாரா.

பார்வை: நம்மைப் பார்க்கிறாரா, தூரத்தைப் பார்க்கிறாரா, குனிந்திருக்கிறாரா.

கை: கும்பிடுகிறதா, விரல் நீட்டுகிறதா, புத்தகம் பிடித்திருக்கிறதா.

பின்னணி: அலுவலகமா, வானமா, வெறும் நிறமா.

அளவும் உயரமும்: ஆளைவிடப் பெரிசா, நம் கண் மட்டத்திலா, அண்ணாந்து பார்க்கும் உயரத்திலா.

ஒரு சின்ன உதாரணம். அமெரிக்க வெள்ளை மாளிகையில் இருக்கும் அதிபர் கென்னடியின் படத்தை, அவர் கொலை செய்யப்பட்ட சில வருஷம் கழித்து ஆரன் ஷிக்லர் வரைந்தார். கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நிற்கிறார் கென்னடி. கண் தெரியாது. அதிபர் என்றால் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்ற விதியை மாற்றிய அந்த ஒரு குனிவில், ஒரு நாட்டின் துக்கம் மொத்தமும் வந்துவிட்டது. மாறினது ஒரே ஒரு அளவுகோல்தான்.

நம்ம ஊரில் ‘அச்சு அசல்’ எப்போ வந்தது?

‘இந்த மாடர்ன் ஆர்ட்டெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம். நம்ம மரபுன்னா படம் அச்சு அசலா இருக்கணும்’ என்று ஒரு வாதம் வரும். இது அப்படியே தலைகீழ்.

மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில் இரண்டு பல்லவ அரசர்களின் உருவங்கள் தேவியரோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. மேலே பெயர் பொறித்திருக்கிறது. ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒருவர் தேவியின் கையைப் பிடித்தபடி நிற்கிறார். முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. கிரீடம், நிலை, எழுதிய பெயர் இவை மூன்றும்தான் ‘இவர் அரசர்’ என்று சொல்கின்றன. திருமலை கோயிலில் இரண்டு தேவியரோடு கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரின் உலோகச் சிலையிலும் பெயர் பொறித்திருக்கிறது. மதுரை புதுமண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள் வரிசையாக நிற்கிறார்கள். தொப்பையும் நகையும் கும்பிட்ட கையும்தான் அங்கே அடையாளம். செஞ்சியையும் ஒரு காலத்தில் நாயக்கர்கள்தான் ஆண்டார்கள். அந்தக் கலை மரபு நமக்கும் பங்காளிதான்.

1677-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த சிவாஜிக்கு வேற கதை. அவர் காலத்தை ஒட்டி கோல்கொண்டாவில் வரைந்த சிற்றோவியங்கள் சில, டச்சுக்காரர்கள் வாங்கிய தொகுப்புகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் அருங்காட்சியகங்களில் அவை இன்றும் இருக்கின்றன. அவர் ஆண்ட கோட்டைகள் 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது, 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை நம்ம செஞ்சிதான். சிவாஜிக்குக் கிடைத்த அந்தச் சின்னத் தாள்கள்கூட தேசிங்குக்கு நம் மனசில் இல்லை. அதனால்தான் அவருக்குக் கதைப்பாடலும் பிறகு சினிமாவும் முகம் கொடுத்தன.

அப்போ ‘அச்சு அசல்’ எப்போ வந்தது? எண்ணெய் வண்ணத்தோடு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னை ஆளுநர்களும் தளபதிகளும் ஆளுயரப் படங்களாக மாட்டப்பட்டார்கள். ஒரு பக்கம் தூண், ஒரு பக்கம் சிவப்புத் திரை, நடுவில் அவர். அந்த வித்தையை நம்ம ஆட்களும் கற்றார்கள். ரவி வர்மா 1878-ல் சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் படத்தை வரைந்து பெயர் வாங்கினார். நாடு விடுதலை அடைந்த பிறகு ஆட்கள் மாறினார்கள், சட்டம் மாறவில்லை. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் 1947 ஆகஸ்ட் 28 அன்று திறக்கப்பட்ட காந்தி படத்தை வரைந்தவரே ஆங்கிலேயரான ஆஸ்வால்ட் பர்லிதான்.

ஆக, நாம ‘மரபு’ என்று நினைக்கிற பாணிக்கு இங்கே வயசு கொஞ்சம்தான். அதுக்கு முன்னாடி ஆயிரம் வருஷத்துக்கு மேல், நிலையையும் சின்னத்தையும் வைத்தே ஆளைக் காட்டியவர்கள் நாம.

முகமே தெரியாதவருக்கு ஒரு முகம்

இதற்கு நம்மிடம் இருக்கும் சிறந்த சாட்சி அரசியல் தலைவர் இல்லை, திருவள்ளுவர். அரசுப் பேருந்திலிருந்து ஆட்சியர் அலுவலகம் வரை நாம பார்க்கும் வள்ளுவர் முகத்தை வரைந்தவர் கே.ஆர். வேணுகோபால் சர்மா. அந்தப் படத்தோடு 1960-ல் அஞ்சல் தலை வந்தது. 1964-ல் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஜாகிர் உசேன் சட்டப்பேரவையில் அந்தப் படத்தைத் திறந்து வைத்தார்.

அவருக்கு முன்னால் உட்கார மாடல் கிடையாது, போட்டோ கிடையாது. குறளிலிருந்து ஒரு ஆளை உருவாக்க வேண்டும். அவர் எடுத்த முடிவுகளைப் பாருங்க: மதச் சின்னம் எதுவும் வேண்டாம். கையில் ஓலையும் எழுத்தாணியும். வெள்ளை ஆடை. இது ‘கற்பனை’ என்று நாம ஒதுக்கவில்லையே! இன்றைக்கு அதுதான் அதிகாரபூர்வ முகம். 2019-ல் காவி உடை போட்ட வள்ளுவர் படம் ஒன்று சமூக ஊடகத்தில் வந்தபோது மாநிலமே விவாதித்தது. பார்த்தீங்களா, ஒரு நிறம் மாறினால் அர்த்தம் மாறும் என்று நமக்கு நல்லாத் தெரியும். படத்தைப் படிக்கத் தெரியாத ஆட்கள் இல்லை நாம.

புதிய ஓவியர்கள் என்னென்ன செய்கிறார்கள்?

உலகம் முழுக்க நடந்ததைப் பார்த்தால், மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன.

முதல் வழி, பழைய சட்டத்தைத் திருப்பிப் போடுவது. வைலி செய்தது இது. ஐரோப்பிய அரசர்களை வரைந்த அதே ராஜ கம்பீர நிலைகளில் தெருவில் பார்த்த கறுப்பின இளைஞர்களை வரைந்துதான் அவர் பெயர் வாங்கினார். அந்த மரபில் ஒபாமா வந்து உட்காரும்போது, ‘இந்த நாற்காலியில் இதுவரை யார் உட்கார்ந்தாங்க?’ என்ற கேள்வியும் கூடவே உட்காருகிறது.

இரண்டாவது, நிறத்தைப் பேச விடுவது. 2024 மே மாதம் பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் சார்லஸின் படம் திறக்கப்பட்டது. ஜோனதன் யோ வரைந்தது. சீருடை, பின்னணி எல்லாம் ஒரே சிவப்பு. முகமும் கையும் மட்டும் அந்தச் சிவப்பிலிருந்து வெளியே வருகின்றன. தோளருகே ஒரு பட்டாம்பூச்சி, இளவரசர் மன்னராக மாறியதைச் சொல்ல. ‘ரத்தக் குளியல் மாதிரி இருக்கு’ என்று இணையத்தில் கிண்டல் அடித்தவர்களும் உண்டு, ரசித்தவர்களும் உண்டு. ஆனா மொத்த உலகமும் ஒரு வாரம் ஒரு ஓவியத்தைப் பற்றிப் பேசியது.

மூன்றாவது, குறைத்துக்கொண்டே போவது. இதில் நம்ம நாடு யாருக்கும் சளைத்தது இல்லை. 1930-ல் உப்பு யாத்திரையின்போது நந்தலால் போஸ் லினோ பலகையில் செதுக்கி அச்சிட்ட காந்தி: கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், ஒரு தடி, ஒரு அடி முன்னால் வைத்த கால். அவ்வளவுதான். போட்டோவில் இருக்கும் தகவலில் பெரும்பகுதியைத் தூக்கிப் போட்ட பிறகும் ஆள் நிற்கிறார். டேட்டா கம்ப்ரஷன் படிச்சவங்களுக்கு இது உடனே புரியும்: எதை விட்டாலும் அடையாளம் போகாதோ அதையெல்லாம் விட்டுட்டு, எதை விட்டால் ஆளே மாறிடுமோ அதை மட்டும் வைத்துக்கொள்வது. அந்த ‘எது’ என்று கண்டுபிடிப்பதுதான் கலைஞரின் வேலை.

சில சமயம் கிண்டலும் உள்ளே வரும். ஜெர்மனியின் பிரதமர் அலுவலகத்தில் இருக்கும் கெர்ஹார்ட் ஷ்ரோடரின் படத்தை வரைந்தவர் யோர்க் இம்மென்டார்ஃப். முகம் முழுக்கத் தங்க நிறம். சுற்றிலும் குட்டிக் குரங்குகள். அரசாங்கச் சுவரில் குரங்கு! அந்தப் படத்தை அந்த வரிசையில் மாட்டவும் செய்தார்கள்.

நம்மகிட்ட ஆள் இல்லையா?

இருந்தாங்க. அதுதான் கொஞ்சம் வலிக்கிற இடம்.

சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளிக்கு 1929-ல் பொறுப்பேற்ற முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நாம செல்ஃபி எடுக்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அதே கடற்கரையில் நடந்துபோகும் காந்தியும் அவர் கைவேலை. இரண்டும் 1959-ல் வந்தவை. அந்தக் காந்தி நம்மைப் பார்த்துக் கும்பிடவில்லை, கை தூக்கி வாழ்த்தவில்லை. தன் பாட்டுக்கு வேகமாக நடக்கிறார். நின்றால்தான் சிலை என்ற எண்ணத்தை உடைத்து நடக்க வைத்த அந்தச் சிலையை, தினமும் பார்க்கிறதாலேயே நாம சரியாகப் பார்க்கிறதில்லை.

அதே பள்ளியில் படித்து, பிறகு அதற்கே முதல்வரான எஸ். தனபால், பெரியார், திரு.வி.க. போன்றவர்களின் தலையுருவங்களைச் செய்தார். வழவழப்பாகத் தேய்க்காமல், களிமண்ணில் விரல் பதிந்த மேடு பள்ளம் அப்படியே தெரிய விடும் பாணி அது.

அடுத்து கே.எம். ஆதிமூலம். திருச்சி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். 1969-ல் காந்தி நூற்றாண்டுக்காக ஏறத்தாழ நூறு கோட்டோவியங்கள் வரைந்தார். வெறும் கறுப்பு மை. இளைஞர் காந்தி, நடக்கும் காந்தி, யோசிக்கும் காந்தி, தளர்ந்த காந்தி. ஒரே மனிதர் நூறு விதமாகக் கோட்டில் மூச்சு விடுகிறார். இதே ஆதிமூலம் அரசர்களையும் வரைந்தார். கிரீடமும் மீசையும் நகையும் இருக்கும்; ஆனா ஆள் உள்ளுக்குள் பொடிந்து கொட்டுகிற மாதிரி இருக்கும். அதிகாரம் எப்படித் தன் பாரத்திலேயே நொறுங்குது என்பதை, செஞ்சியில் ராஜகிரி மேல் ஏறி இடிந்த சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தனியா விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு திறமை ஒரே நகரத்தில் இருந்தும், நம்ம அலுவலகச் சுவர்களில் பெரும்பாலும் என்ன இருக்கு? போட்டோவைப் பார்த்து வரைந்த படம், இல்லையென்றால் போட்டோவையே அச்சடித்த படம். தலைவருக்கும் தலைவருக்கும் வித்தியாசம் முகத்திலும் துண்டின் நிறத்திலும் மட்டும்தான்.

நடுவில் பேனர் ஓவியர்களை மறக்கக் கூடாது. போட்டோ மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிய துணியிலோ பிளைவுட்டிலோ போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தைப் பெருக்குவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கன்னத்தில் ரோஸ், நிழலில் நீலம், பச்சை எல்லாம் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சாலையை மறைத்து நிற்கும் தலைவர். எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் நிறத்தை அப்படித் துணிந்து போட்டவர்கள் அவர்கள். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அவர்களோடு அந்த நிறத் துணிச்சலும் தெருவிலிருந்து போயிடுச்சு.

‘மரியாதை இல்லாம வரையலாமா?’

இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. இரண்டு சம்பவம் பார்ப்போம்.

1954-ல் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சேர்ந்து, சர்ச்சிலின் 80-வது பிறந்தநாளுக்கு ஒரு படம் பரிசளித்தார்கள். வரைந்தவர் கிரகாம் சதர்லேண்ட், அன்றைய பெரிய நவீன ஓவியர். முதுமை தட்டிய, தளர்ந்த, பிடிவாதமான கிழவர் ஒருவரை அவர் வரைந்தார். சர்ச்சிலுக்குக் கோபம். விழா மேடையிலேயே ‘நவீன ஓவியத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு’ என்ற அர்த்தத்தில் குத்தலாகச் சொல்ல, சபையே சிரித்தது. பிறகு அந்தப் படம் எங்கேயும் மாட்டப்படவில்லை. சர்ச்சில் மனைவியின் விருப்பப்படி அது அழிக்கப்பட்டது என்ற செய்தி, அவரும் இறந்த பிறகு 1978-ல்தான் வெளியே வந்தது. ஓவியர் பார்த்த உண்மை பெரிசா, வரையப்பட்டவரின் மனசு பெரிசா? இன்றுவரை வாதம் முடியவில்லை.

இரண்டாவது, நம்ம ஊர். 2023 ஜூலையில், நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் படங்களும் சிலைகளும் மட்டும்தான் இருக்கலாம் என்ற சென்னை உயர் நீதிமன்றச் சுற்றறிக்கை வெளியானதும், அம்பேத்கர் படத்தை எடுத்துவிடுவார்களோ என்று வழக்கறிஞர்கள் போராடினார்கள். எந்தத் தலைவர் படமும் அகற்றப்படாது என்று விளக்கம் வந்த பிறகுதான் அது அடங்கியது. ஒரு படத்துக்காக ஏன் இத்தனை பேர் தெருவுக்கு வரணும்? நம்ம மாநிலத்தில் எத்தனையோ ஊரில் அம்பேத்கர் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்குது. உடைக்க ஆள் இருக்கு என்பதால்தான் கூண்டு. நீலக் கோட்டு, டை, கையில் புத்தகம், நீட்டிய விரல். அந்த உருவத்தின் ஒவ்வொரு பாகத்துக்கும் அர்த்தம் இருக்கு. ‘உடுக்கக் கூடாது, படிக்கக் கூடாது, விரல் நீட்டிப் பேசக் கூடாது’ என்று சொல்லப்பட்ட மக்களின் பதில் அது.

அப்படிப்பட்ட இடத்தில் போய், ‘ஏங்க, இதைக் கொஞ்சம் அப்ஸ்ட்ராக்டா பண்ணலாமே’ என்று சொன்னால் அது அறியாமை. ரொம்ப நாள் சுவரில் இடமே கிடைக்காதவர்களுக்கு, தெளிவாக, கம்பீரமாக, பார்த்ததும் தெரிகிற மாதிரி ஒரு முகம் வேணும். அது உரிமை. வைலி செய்ததும் அடிப்படையில் இதேதான். அவர் முகத்தைக் கலைக்கவில்லை. முகத்தைத் துல்லியமாக வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி இருந்த பழைய அரண்மனையைத்தான் அகற்றினார்.

அதனால் ‘நவீனம்’ என்றால் மூக்கைக் கோணலாகப் போடுவது என்று அர்த்தமில்லை. இந்த மனிதரைப் பற்றி இந்தப் படம் புதுசா என்ன சொல்லுது என்ற கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதான் நவீனம்.

ஓமந்தூராரை எப்படி வரைவீங்க?

நம்ம மாவட்டத்துக்காரர் ஒருவரையே எடுத்துக்குவோம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனம் பக்கம் ஓமந்தூர்க்காரர், விவசாயக் குடும்பம். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். நாடு விடுதலை அடைந்த நாளில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். கோயில் நுழைவுக்கும் தேவதாசி முறை ஒழிப்புக்கும் அவர் காலத்தில் சட்டங்கள் வந்தன. 2021-ல் அவர் படமும் வ.உ.சி., ப. சுப்பராயன் படங்களோடு சட்டப்பேரவையில் திறக்கப்பட்டது.

இப்போ உங்களிடம் ஒரு கேன்வாஸ் கொடுத்து அவரை வரையச் சொன்னால்? கதர்ச் சட்டை, நேர் பார்வை, பழுப்புப் பின்னணி என்று போட்டுவிடலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க, யாரும் நின்று பார்க்கவும் மாட்டாங்க. இல்லைன்னா வைலி மாதிரி யோசிக்கலாம்: பின்னணியில் கோட்டை வேண்டாம், நம்ம பக்கத்து வேர்க்கடலைக் கொடியும் கரும்பும் பனையும் வளரட்டும். ஷிக்லர் மாதிரி யோசித்தால், திறந்த கோயில் கதவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று உள்ளே போகிறவர்களைப் பார்க்கட்டும். ஆதிமூலம் மாதிரி யோசித்தால், பத்துக் கோட்டில் அந்த எளிமையைப் பிடிக்கணும். மூன்றிலும் மரியாதை குறையவில்லை. மூன்றும் அவரைப் பற்றி ஏதோ ஒன்று சொல்கின்றன.

ஏஐ வந்த பிறகு

கடைசியாக, நம்ம துறை. 2024 ஜனவரியில் மறைந்த கருணாநிதி ஏஐ வீடியோவாக ஒரு நிகழ்ச்சியில் வந்து பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலும் ஏஐ வழியாக வந்தது. நம்ம ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து எந்தத் தலைவரையும் எந்த உடையிலும் எந்த ஓவியர் பாணியிலும் ஒரு நிமிஷத்தில் உருவாக்கிடலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். அந்த மென்பொருள் ஏற்கெனவே இருக்கும் லட்சக்கணக்கான படங்களிலிருந்து கற்றுக்கொள்வது. ‘தமிழ்த் தலைவர் படம்’ என்று கேட்டால், அதிகமாக எது இருக்கோ அதைத்தான் திருப்பிக் கொடுக்கும்: வெள்ளை வேட்டி, துண்டு, கும்பிட்ட கை, பளபளப்பான முகம். சராசரியின் சராசரி. பொதுப் படத்தில் முடிவு எடுத்தவர் யார் என்று கேட்டால் ஓவியர் பெயர், சபையின் பெயர் சொல்லலாம். இதில் யார் பெயரைச் சொல்வது? ஒரு தலைவரை நாடு எப்படி ஞாபகம் வைக்கணும் என்ற தீர்ப்பை, யாரும் பொறுப்பேற்காத ஒரு கணக்குக்கு விட்டுக்கொடுக்கிறோம். தேசிங்குக்கு சினிமா முகம் கொடுத்தபோதாவது, அது நடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த தடவை தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கும்போது, போனை உள்ளே வைச்சுட்டு சுவரைப் பாருங்க. யார் படம் இருக்கு என்று பார்க்கிறது பழக்கம். அதோடு நிறுத்தாமல், ஏன் இந்த நிலை, ஏன் இந்த நிறம், ஏன் இந்த உயரம், யார் வரைஞ்சது, கீழே ஓவியர் கையெழுத்து இருக்கா என்றும் பாருங்க. கல்ச்சுரல்ஸில் ‘தலைவர் ஓவியப் போட்டி’ நடத்துகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த வருஷம் ‘அச்சு அசலா இருக்கு’ என்பதற்கு மட்டும் முதல் பரிசு கொடுக்காதீங்க. படத்துக்குக் கீழே, ‘இந்தத் தலைவரைப் பற்றி இந்தப் படம் சொல்வது என்ன?’ என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்க. நல்லா எழுதி, நல்லா வரைஞ்ச படங்களை நம்ம அடுத்த இதழில் ஓவியர் பெயரோடு போடுவோம்.